மாதத்துக்கு ஒரு நடை

என் வீட்டுக்காரருக்கு விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில் வேலை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் இருட்டித்தான் எழுவார். கோலியனூரில் இருந்த அவருடைய அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து கை கால் இழுத்துக்கொண்டதும், நான் பயந்துபோய் இவரை டாக்டரிடம் கூட்டிப் போனேன். இரத்தக் கொதிப்பு ஏறிக் கிடந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்.

நடந்தாரா? எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். கேட்டால் திருவண்ணாமலையைச் சொல்வார். பௌர்ணமி தவறாமல் பஸ் ஏறிப் போய்க் கிரிவலம் வருகிறவர்.

"பதினாலு கிலோமீட்டர் ஒரே மூச்சுல சுத்தறேன். டாக்டர் சொன்ன நடை மாசம் பூராவுக்கும் அதுலயே கழிஞ்சிடும்" என்பார்.

அதிலும் விரதமாம், அன்றைக்கு மாத்திரை கிடையாது. சாமி காரியத்தில் குறுக்கே பேச எனக்கும் பயம். மலை சுற்றுகிறவர் அவர், நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கு. அப்போது வீட்டில் போன் கிடையாது. வாசலில் யாராவது சைக்கிளை நிறுத்தினாலே, கெட்ட சேதிதான் வந்துவிட்டது என்று வெளியே ஓடுவேன்.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை, அவர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நெற்றி நிறைய விபூதி. வலது காலில் செருப்பு. இடது கால் வெறுங்கால்.

கோயிலில் செருப்பு தொலைந்தால் பீடை தொலைந்தது என்பார்கள். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால் எந்தத் திருடன் ஒற்றைச் செருப்பை எடுத்துப்போவான்?

"ஏங்க, இன்னொரு செருப்பு எங்க?"

"கால்லதான் இருக்குது. பஸ் ஏறசொல்ல ரெண்டையும் மாட்டிக்கினுதான வந்தேன்" என்றார். பிறகு குனிந்து பார்த்தார். இடது பாதத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு குத்தி நின்றிருந்தது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அப்படியே ஆட்டோ பிடித்தேன். இவருக்கும் பக்கவாதம்தான், சீக்கிரம் கொண்டுவந்ததால் ஆள் பிழைத்தார் என்றார் டாக்டர். காலில் உணர்ச்சி மட்டும் பாதிதான் திரும்பியது.

இப்போது தினமும் காலையில் நடக்கிறோம், நான் அவருக்கு இடது பக்கமாக. பின்னால் வார் வைத்த செருப்புதான் போடுகிறார். இருந்தும் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை, ரோட்டைப் பார்த்தபடியே கேட்பார்.

"இருக்குதா?"

நான் குனிந்து பார்த்துவிட்டு, "இருக்குதுங்க" என்பேன்.