ஒரு திருகு கூடுதல்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்குத் 'திருகாணி' என்று பட்டப்பெயர். தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, அலுமினிய மூடியை இடுக்கியால் நெரித்து அடைத்ததும், இறுகியிருக்கிறதா என்று கையால் ஒரு திருகு திருகிப் பார்ப்பார். மனசு ஆறாவிட்டால் இன்னொரு திருகு. கிண்டலுக்கு வைத்த பெயரைப் பதினெட்டு வருடமாக விருதுபோல் சுமந்துகொண்டிருந்தார் மனிதர்.

அவருடைய அக்கா குடியிருக்கும் தெருவின் பொதுக் கிணற்றில், பக்கத்துப் பட்டறையில் பிசுக்குக் கழுவும் கரைப்பான் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலை அவரிடம் வந்தது. குப்பியைச் சூடாக்கினால் தண்ணீருக்கு மேலே ஆவி சேரும். அதை இயந்திரம் இழுத்து அளவு சொல்லும். பத்தைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. போன மாதம் ஒரே ஒரு குப்பி வைத்தார், நான்கு வந்தது. தாராளமாகக் குடிக்கலாம் என்று அக்காவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

இந்த மாதம் ஒரே பாட்டில் தண்ணீரை நாலு குப்பிகளில் ஊற்றி வைத்தபோது இயந்திரம் வாய்க்கு வந்ததைச் சொன்னது: ஏழு, பத்தொன்பது, நான்கு, இருபத்து மூன்று. ஊசியை மாற்றினார். மின்சாரத்தைத் திட்டினார். பக்கத்து மேசை அம்மாள் பூசிவந்த சென்ட்டைக்கூடச் சந்தேகப்பட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஆனால் தன்னை ஆடத் தெரியாதவராக அவர் நினைத்ததே இல்லை.

அதே தண்ணீரை ஊற்றி அடுத்த நாலு குப்பிகளை அடைக்கும்போது அக்காவின் போன் வந்தது. அக்கா பேச ஆரம்பித்தால் நடுவில் மூச்சுவிட இடம் கிடைக்காது. போனைத் தோளில் இடுக்கியபடி, திருக மறந்து, ஏனோதானோவென்று அடைத்து வைத்தார். இருபத்து நான்கு, இருபத்து நான்கு, இருபத்தைந்து, இருபத்து நான்கு என்று வந்தது.

அக்கறையில்லாமல் அடைத்தவை மட்டும் ஒத்துப்போனது முதலில் அவருக்கு அவமானமாகத்தான் இருந்தது. பிறகு புதுக்குப்பி ஒன்றை அடைத்து, வழக்கம்போல் திருகி, கவிழ்த்துப் பார்த்தார். மூடியோரம் நீர் கசிந்தது. திருகத் திருக மூடிக்குள் இருந்த ரப்பர் அடைப்பு நகர்ந்து, சூட்டில் ஆவி தப்பியிருக்கிறது. அவர் அக்கறை கூடக்கூட விஷத்தின் அளவு குறைந்திருக்கிறது.

மேலதிகாரியிடம் போய்த் தப்பு தன் கையில்தான் என்று ஒப்புக்கொண்டார். மேலதிகாரி சிரிக்கவில்லை, கிணற்றை உடனே மூடச் சொன்னார். திருகாணி வெளியே வந்து அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, அந்தத் தண்ணிய இனிமே யாரும் குடிக்காதீங்க."

"நீ பாத்து சொன்னதாலதானேடா குடிக்கிறோம். அன்னைக்குச் சரியாப் பாக்கலையா?"

"கொஞ்சம் அதிகமாவே பாத்துட்டேன்க்கா."

அக்கா வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகச் சொன்னாள்: "தெரு பூரா நான்தானேடா சொன்னேன், என் தம்பி பாத்த தண்ணி, பயப்படாம குடிங்கன்னு."