மாதர்பாக்கம் சாலையில் ஒரு குடசப்பாலை

1974 தை மாதம், பொங்கல் முடிந்த மறுவாரம், ஒரு மரத்தைப் பார்ப்பதற்காகவே கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். அப்போது நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. ரத்தமும் சளியுமாகப் போகும் நாள்பட்ட பெருங்குடல் அழற்சிக்குக் குடசப்பாலைப் பட்டையின் சாறு உதவுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. ஐந்து மாதம் எலிகளுக்குக் கொடுத்தும் பலன் பூஜ்யம். "அடுத்த மாசக் கடைசிக்குள்ள ஒண்ணும் தெரியலைன்னா தலைப்பை மாத்திடும்மா" என்றார் பேராசிரியர். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கடையில் வாங்கிய பட்டைமேல்தான் எனக்குச் சந்தேகம். மரத்திலிருந்தே எடுத்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன்.

சென்ட்ரலில் காலை 6.10 பாசஞ்சர். 48 கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றரை ரூபாய். கரிப்புகை இலவசம். எட்டு மணிக்கு இறங்கி, இரண்டு இட்லி தின்றுவிட்டு மாதர்பாக்கம் பஸ் ஏறினேன். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் புதர்க்காட்டைக் கண்டதும் நிறுத்தச் சொன்னேன்.

"இங்க ஊடே இல்லியேம்மா, யாரப் பாக்கப் போற?" என்றார் கண்டக்டர்.

"மரத்தை" என்றேன். மனுஷர் விசிலை ஊதிவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

புத்தகத்தில் படித்த இலை, கீறினால் பால். கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்தியை எடுத்தேன். விறகுக் கட்டோடு வந்த ஒரு பெண் நின்றாள். பெயர் கன்னியம்மா என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்; என் வயதுதான் இருக்கும்.

"யக்கா, அத்த இன்னாத்துக்கு உரிக்கிற?"

"குடசப்பாலைங்க. மருந்துக்கு."

விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லாப் படிச்சே போ! இது வெட்பாலைக்கா. எலைய எண்ணெயில போட்டு வெயில்ல வெச்சா கத்திரிப்பூ கலரு வரும், பொடுகுக்குத் தேச்சிக்குவோம். காயப் பாரு, ரெண்டும் நுனியில ஒட்டிக்கினு கீது. குடசப்பாலைக்குத் தனித்தனியாத் தொங்கும்."

பையிலிருந்த கடைப் பட்டையைக் கொடுத்தேன். கடித்துத் துப்பினாள். "இதுவும் அதான். கசப்பு எங்க கீது?"

ஐந்து மாதமும் வேறொரு மரத்தைக் கரைத்து ஊற்றியிருக்கிறேன்! வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளோ விறகைக் கீழே போட்டுவிட்டு, அரை கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப்போய் நிஜமான மரத்தைக் காட்டினாள். ஒரு பக்கம் மட்டும் பட்டை உரித்து, காயோடு ஒரு கிளையையும் ஒடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு துண்டைக் கடித்தேன். மாலை ரயிலேறியும் நாக்கில் கசப்பு போகவில்லை.

புதுப் பட்டையின் சாற்றைக் கொடுத்த மூன்றாவது வாரம் எலிகளின் குடலில் வீக்கம் குறைந்திருந்தது. மனிதர்களுக்கு மருந்தாக இன்னும் எத்தனையோ படி உண்டு. ஆனால் தலைப்பு தப்பியது. ஆய்வகத்திலேயே குதித்தேன்.

நீங்களும் போவதானால் தை மாதம் போங்கள், காய் இருக்கும். காயைப் பார்க்காமல் கத்தி வைக்காதீர்கள். தண்டைச் சுற்றி முழுக்க உரித்தால் மரம் செத்துவிடும். பட்டையை வாங்கி வீட்டில் காய்ச்சிக் குடிக்கும் வேலையும் வேண்டாம்.

அந்தக் கிளையை உலர்த்தி ஒட்டிய தாளில், கண்டறிந்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதச் சொன்னார் பேராசிரியர். "கண்டுபிடிச்சது நான் இல்லை சார்" என்றேன். அந்தத் தாள் இன்றும் கல்லூரி அலமாரியில் இருக்கிறது. 'கண்டறிந்தவர்: கன்னியம்மா' என்று கொட்டை எழுத்தில் நான்தான் எழுதினேன்.