பூஜை போட்ட இன்ஜின்

என் மாமாவின் பிழைப்பைக் கெடுத்தது திருப்போரூரில் டிராவல்ஸ் நடத்தும் அந்த முதலாளிதான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

மாமா என்றால் என் அக்கா கணவர். சிறுசேரி கம்பெனிகளுக்கு ஓடும் காரொன்றை அந்த முதலாளியிடம் ஓட்டினார். நான் அதே ஸ்டாண்டில் வேன் ஓட்டுகிறேன். காலையில் மாமா கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி, முதலில் இன்ஜின் சத்தத்தைத்தான் கேட்பார். பின்சீட்டில் இருப்பவர்கள் ஏசி கேட்டுக் கத்துவார்கள். “இரு நைனா, வண்டி இன்னாவோ சொல்லிகினு கீது” என்பார்.

அந்தக் காருக்கு, இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும் காலம் வந்தது. இன்ஜினின் முன்பக்கத்தைப் பிரித்த மெக்கானிக், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் உருளையையும், அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்பையும் கையோடு மாற்றச் சொன்னார். எல்லாம் ஒரே வயது. ஒன்று சுற்றாமல் இறுகினாலும் புது பெல்ட் போய்விடும். “ஓடிகினு கீறத எதுக்குய்யா மாத்தணும்? பெல்ட்ட மட்டும் போட்டு மூடு” என்றார் முதலாளி. மூடினார்கள். முருகன் கோயில் வாசலில் நிறுத்திச் சூடம் காட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள்.

அன்றைக்கே மாமாவுக்குக் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டுவிட்டது. ஸ்டாண்டில் எங்கள் முன்னால் வைத்தே சொன்னார்: “மொதலாளி, உருள கத்துது. ஒருதபா பிரிச்சுப் பாத்துடலாம்.”

“பூஜ போட்ட வண்டிய உடனே பிரிப்பாங்களா? வாயக் கழுவு. உன் காதுலதான் கோளாறு.”

“காதுல கோளாறுன்னா என்னப் பிரி. வண்டியிலன்னா வண்டியப் பிரி.”

எல்லாரும் சிரித்தோம். முதலாளியும் சிரித்தார். வண்டியை மட்டும் பிரிக்கவில்லை. திருஷ்டி கழித்த இன்ஜினில் உடனே ஸ்பானர் வைத்தால் ஆகாது என்பது எங்கள் ஸ்டாண்டில் பாதிப் பேரின் நம்பிக்கை. அதற்குப் பின்னால் அவர் வசதியாக ஒளிந்துகொண்டார்.

ஒருநாள் மாமா மாமல்லபுரத்தில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, கடற்கரைச் சாலையில் வண்டி நின்றது. நான்தான் வேனில் கயிறு கட்டி இழுத்து வந்தேன். ஷெட்டில் பிரித்தால், உருளை சுற்றாமல் இறுகி, சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. அதில் உரசி பெல்ட் அறுந்து, வால்வுகள் வளைந்திருந்தன. முதலாளி என் தோளை ஒட்டி நின்று எல்லாவற்றையும் பார்த்தார். உருளையைக் கையில் வாங்கித் திருப்பியும் பார்த்தார். மறுநாள் ஸ்டாண்டுக்கு வந்து, மாமாவைப் பற்றி, “கண்டமேனிக்கு மிதிச்சு இன்ஜின ஒடச்சிட்டான், அண்ணாத்த” என்று ஊரைக் கூட்டிச் சொன்னார்.

அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் ஒருவரும் மாமாவை நம்பி வண்டிச் சாவி கொடுக்கவில்லை. இன்று சிறுசேரியில் ஒரு கம்பெனி வாசலில் காவலாளியாக நின்று, நாங்கள் ஓட்டிப் போகும் வண்டிகளுக்குக் கேட் திறந்துவிடுகிறார். “வுடு மச்சான், பேஜாரு” என்கிறார். நான் விடப்போவதில்லை.

முதலாளி, ஆயுத பூஜைக்கு ஸ்டாண்டில் எல்லா டிரைவரும், எல்லா வண்டிக்காரரும் கூடுவார்கள். மைக் கட்டியிருக்கும். இன்ஜினைப் பிரிக்கச் சொன்னது யார், வேண்டாம் என்றது யார்? என் மாமாவை நிற்கவைத்து, அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.