கோட்டின் முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர்

விரலைக் கிண்ணத்தில் தோய்த்துக் கோட்டின் முதுகில் ஒரு சொட்டு விடுகிறார். பிறகு உதடு அசையாமல் எண்ணுகிறார். ஐந்து எண்ணுவதற்குள் சொட்டு துணிக்குள் இறங்கி வட்டமாகப் பரவிவிட்டால் கோட்டு நல்ல கோட்டு. மடித்து வலப்பக்கம் வைக்கலாம். இறங்காமல் மேலேயே குந்திக்கொண்டு முறைத்தால் வந்தது வினை. முதுகு, இரண்டு கைகள், கழுத்துப்பட்டை எல்லாம் முடிந்தபிறகும் அவருக்கு ஆறாது. "எதுக்கும் இன்னொருவாட்டி பாத்துடறேன்" என்று மறுபடி முதுகுக்கு வருவார். ஆலையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இன்னொருவாட்டி அக்கா என்றால்தான் தெரியும்.

இரும்பை உருக்கி வார்க்கும் ஆலை அது. அதன் பின்கட்டில், ஓயாமல் வெந்நீர் ஆவி அடிக்கும் ஒரு நீளமான சலவைக்கூடம். உலைக்கூடத்து ஆட்கள் போடும் தடித்த பருத்திக் கோட்டுகள் அங்கேதான் துவைத்துக் காய்கின்றன. அலுவலகத்துத் துண்டுகள், திரைச்சீலைகள், சமையலறைத் துணிகளும் அங்கேதான். துவைக்கும் இயந்திரங்களைப் பற்றி அக்காவுக்குக் கவலை கிடையாது. தண்ணீர் இருக்கும் இடத்தில் என்ன பயம்? அவருடைய பயமெல்லாம் உலர்த்தும் இயந்திரங்களிடம்.

அவை இரண்டு. பழையதற்குக் கிழவன் என்று பெயர் வைத்திருக்கிறார். இருமும், உதறும், ஆனால் கொடுத்த துணியைக் காயவைப்பதைத் தவிர வேறெந்த வம்புக்கும் போகாது. புதியது மினுக்கி. வெள்ளை மேனி, கண்ணாடிக் கதவு, தலைமேல் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் துணியை மெத்தென்று ஆக்கி மணமும் பூசுகிற நீலத் திரவம் இருக்கிறது. ஆலையில் அதற்கு மருந்து என்றே பெயர். துணி முக்கால்வாசி காய்ந்ததும் மினுக்கி தானாகவே ஒரு குழாய் வழியாக மருந்தைப் புஸ்ஸென்று உள்ளே பீய்ச்சும். துண்டுக்கு அது சொர்க்கம். முகத்தைத் துடைத்த மேலாளர் மறுபடி ஒருதரம் துடைத்துக்கொள்வார். கோட்டுக்கு அதுவே எமன்.

ஏன் எமன் என்பதை அக்காவுக்குப் பயிற்சி கொடுக்க வந்த ஒரு மனிதர் சொல்லவில்லை, செய்தே காட்டிவிட்டார். ஒரே கோட்டிலிருந்து கிழித்த இரண்டு துண்டுத் துணிகள். ஒன்று மருந்து படாதது, மற்றது பட்டது. முதல் துணியில் தீக்குச்சியை வைத்தார். கருகியது, புகைந்தது, அணைந்தது. இரண்டாவதில் வைத்தார். மருந்தில் இருக்கும், தண்ணீரை ஒட்டவிடாத எண்ணெய்ப் பசையைப் பிடித்துக்கொண்டு நெருப்பு ஒரே ஓட்டமாக அவர் விரல்வரை ஏறியது. ஐயோ என்று துணியைக் கீழே போட்டு மிதித்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்தத் துணிக்குள் ஒரு உடம்பு இருந்திருந்தால்?

அன்று பிடித்த பயம் இன்றுவரை விடவில்லை. அதை அவர் மறைப்பதும் இல்லை. "பயமா இருக்குப்பா, பயமா இருக்குன்னுதானே சொல்றேன், இதுல என்ன வெக்கம்?" என்பார். வடிகட்டியில் சேரும் பஞ்சை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வழித்தெடுத்துத் தண்ணீர் வாளியில் முக்கி வைப்பார். இயந்திரத்துக்கு முதுகு காட்டி உட்காரமாட்டார். வீட்டில் அடுப்புக் குழாயை மூடிவிட்டுக் கிளம்பினால், தெருமுனையில் கால் தயங்கும், திரும்பி ஓடுவார். திரும்பி வந்து பார்த்த நாளிலெல்லாம் அடுப்பு மூடித்தான் இருந்திருக்கிறது. அதனால் தெம்பு வந்ததா என்றால், அதுதான் இல்லை. நாளைக்கு மறந்துவிட்டால் என்ற புதுக் கவலையோடு மறுபடி கிளம்புவார்.

மகன் உலைக்கூடத்தில் வேலை செய்கிறான். உருகிய இரும்பு நிரம்பிய பெரிய கொப்பரையைக் கிரேன் தூக்கிவர, அதை அச்சின்மேல் சரிக்கும்போது பக்கத்தில் நிற்கிற நாலைந்து பேரில் அவனும் ஒருவன். ஆளுக்கு இரண்டு கோட்டு உண்டு, அவன் கோட்டுகளின் கழுத்தில் இருபத்தேழு என்று நம்பர் தைத்திருக்கும். அந்த நம்பரை மட்டும் அக்கா ஆறு இடத்தில் சொட்டு விட்டுப் பார்ப்பார். கேட்டால், "எல்லாரும் எனக்கு ஒண்ணுதான்" என்பார். யாரும் நம்பியதில்லை.

அவரைச் சீண்டுவதற்கென்றே பிறந்தவன் பதினெட்டாம் நம்பர் கோட்டுக்காரன். மகனைவிட வயதில் மூத்தவன், வாய் நீளம். கோட்டு வாங்க வரும்போதெல்லாம் கையை நீட்டி, "என்னக்கா, கோட்டுக்கு ஜுரம் விட்டுடுச்சா? எனக்கும் நாடி பாத்துச் சொல்லுங்க" என்பான். "உன் வாய்க்கு ஒரு மருந்து இருந்தா நானே பீய்ச்சிடுவேன்" என்று அக்கா கோட்டை அவன்மேல் வீசுவார். அவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அதற்குக் காரணமும் உண்டு.

சென்ற வருஷம் ஒருநாள் மகன் வந்து கோட்டு வாங்கிப் போன கையோடு, மடித்துக் கொடுத்த கோட்டுகளில் மருந்து வாசனை வருவதுபோல அவருக்குத் தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான். அலறிக்கொண்டு உலைக்கூடத்துக்குள் ஓடினார். வார்ப்பு நின்றது. கோட்டுகளைக் கழற்றினார்கள், முகர்ந்தார்கள். கடைசியில் வாசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? மகன் தலைக்குத் தடவியிருந்த புது எண்ணெயிலிருந்து. அதற்குள் கொப்பரை இரும்பு ஆறிப்போய், முழுவதையும் மறுபடி உருக்க வேண்டியதாயிற்று. மேலாளர் போட்ட சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. பதினெட்டாம் நம்பர்தான் அந்தக் கதையை ஆலை முழுவதும் கண் மூக்கு வைத்துப் பரப்பினான். மகனை எண்ணெய்த் தலையன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

மகன் ஒரு வாரம் தாயோடு பேசவில்லை. எட்டாம் நாள் பேசினான். "அம்மா, நீ இனிமே உலைப்பக்கம் காலை வெக்கக் கூடாது. வெச்சேன்னா நான் இந்த வேலையே வேண்டாம்னு எங்கயாவது போயிடுவேன். அப்புறம் தேடாதே." அவன் சொன்னால் செய்கிறவன். அக்கா தலையை ஆட்டினார். அன்றிலிருந்து உலைக்கூடத்துக் கதவைப் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

இத்தனை வருஷத்தில் சொட்டு முறைத்தது ஒரே ஒரு நாள்தான். போன மாதம். கிழவனின் பெல்ட் அறுந்து இரண்டு நாளாகப் படுத்த படுக்கை. மேற்பார்வையாளர் வந்து எட்டிப் பார்த்து, "கோட்டையெல்லாம் புதுசுலயே போட்டுடும்மா. மருந்துத் திருகை மூடிட்டாப் போதும். இதுக்குப் போயி முழிக்கிறியே" என்றார். மதியம் பெரிய வார்ப்பு, மாற்றுக் கோட்டு இல்லாமல் முடியாது. அதுவரை மினுக்கியில் துண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா துண்டுகளை வெளியே இழுத்தார். திருகை மூடினார். மூடியதா என்று பார்த்தார். இன்னொருவாட்டி பார்த்தார். நாற்காலி போட்டு ஏறி இன்னொருவாட்டியும் பார்த்தார். பிறகு பன்னிரண்டு கோட்டுகளை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினார்.

எத்தனை தரம் பார்த்து என்ன? பார்த்ததெல்லாம் திருகை. திருகுக்குக் கீழே ஒரு முழக் குழாய் இருக்கிறதே, அதற்குள் முந்தைய ஓட்டத்து மருந்து நிரம்பி நிற்குமே, அதை யார் பார்ப்பது? மினுக்கி தன் நேரம் வந்ததும் குழாயில் இருந்ததைப் புஸ்ஸென்று பீய்ச்சிவிட்டு ஒன்றும் தெரியாததுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது. திருகு மூடியிருக்கிற தைரியத்தில் அக்கா பக்கத்து அறையில் வாளி கழுவிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் ஒருதரம் தைரியமாக இருந்தார், பாவம்.

மணி அடித்து இயந்திரம் நின்றது. சூட்டோடு சூடாகக் கோட்டுகளை மேசையில் கொட்டிவிட்டுக் கிண்ணத்தில் தண்ணீர் பிடிக்கப் போனார். திரும்பி வந்து முதல் கோட்டில் சொட்டு விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. சொட்டு குந்திக்கொண்டிருந்தது. விரலால் தள்ளினார். உருண்டு ஓடியது. அடுத்த கோட்டிலும் அதே கதை. மூன்றாவதிலும்.  கோட்டுகளை எண்ணினார். பதினொன்று.

மறுபடி எண்ணினார். பதினொன்றுதான்.

ஒரு மூலையில் இஸ்திரிக்காரர் திரைச்சீலை தேய்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, இங்கேர்ந்து யாராவது கோட்டு எடுத்தாங்களா?"

"இப்பத்தான் ஒருத்தன் வந்து உருவிக்கிட்டு ஓடினான். அவசரமாம்."

"யாரு?"

"நான் துணியைப் பாத்துக்கிட்டிருந்தேன்மா. முகத்தை யாரு பாத்தா?"

அக்கா கோட்டுகளின் கழுத்தைப் புரட்டினார். எட்டு. முப்பது. பதினொன்று. புரட்டிய வேகத்தில் இரண்டு கோட்டுகள் கீழே விழுந்தன. இருபத்தேழு இல்லை, இருபத்தேழு இல்லை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.  கீழே விழுந்ததில் இரண்டாவதை எடுத்துத் திருப்பினார். இருபத்தேழு.

"அப்பாடா" என்று வாய்விட்டுச் சொல்லித் தரையில் உட்கார்ந்தார்.

சொன்னதை அவர் காதே கேட்டது. இஸ்திரிக்காரர் திரும்பிப் பார்த்தார். அக்காவுக்குக் காது மடல் இரண்டும் எரிந்தன. நல்ல மனுஷிதான் நீ என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு எழுந்தார். மிச்சத்தைப் புரட்டினார். இல்லாதது பதினெட்டு. அந்த நீளவாய்க்காரன்.

தொலைபேசியை எடுத்து மேற்பார்வையாளரைப் பிடித்தார். "ஐயா, கோட்டுல மருந்து பட்டுடுச்சு. பதினெட்டு அதைப் போட்டுக்கிட்டு உள்ள போயிட்டான். வார்ப்பை நிறுத்தச் சொல்லுங்கய்யா."

"திருகை மூடினியா இல்லையா?"

"மூடினேங்கய்யா. மூணு வாட்டி பாத்தேன்."

"அப்புறம் எங்கேர்ந்து வந்தது? இதே பொழப்பாப் போச்சு உனக்கு. போன வருஷம் நான் வாங்கிக் கட்டிக்கிட்டது போதும். போயி வேலையைப் பாரும்மா." வைத்துவிட்டார்.

உலைக்கூடத்திலிருந்து முதல் மணி கேட்டது. கொப்பரை கிளம்பிவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது மணி அடித்ததும் சரிப்பார்கள். அக்கா வாசல்வரை போனார், நின்றார். மகன் முகம் முன்னால் வந்தது. எங்கயாவது போயிடுவேன், தேடாதே. ஒருவேளை அந்தக் கோட்டில் மட்டும் மருந்து படாமல் இருந்தால்? பொறியே தெறிக்காமல் போனால்? இதுவரை எத்தனை வார்ப்பு ஒன்றும் ஆகாமல் முடிந்திருக்கிறது?  இத்தனையும் நினைத்துக்கொண்டேதான் ஓடினார்.

உள்ளே வெக்கை அறைந்தது. கொப்பரை ஆட்களின் தலைக்கு மேலே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. விளிம்பிலிருந்து பொறிகள் சிதறிக்கொண்டிருந்தன. மற்றவர்கள் காலையில் போட்ட கோட்டிலேயே இருக்க, பதினெட்டாம் நம்பர் மட்டும் புதிதாகத் துவைத்ததைப் போட்டுக்கொண்டு அச்சின் ஓரத்தில், எல்லோருக்கும் முன்னால் நின்றான். அக்கா போய் அவன் கழுத்துப்பட்டையைப் பிடித்தார்.   "கழட்டுப்பா. கழட்டு."

அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "என்னக்கா, இங்கயே ஜுரம் பாக்க வந்துட்டீங்களா? டேய், உங்கம்மா வந்திருக்காங்கடா!" பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

மகன் முகக் கவசத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்த முகத்தை அக்கா பார்க்காமல் இருந்திருக்கலாம். "அம்மா, என்ன சொன்னேன் உங்கிட்ட? வா, வெளிய வா" என்று அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "மானத்தை வாங்காதேம்மா. இப்ப வரலேன்னா இன்னியோட சரி."

"மருந்து பட்டிருக்குடா, சொட்டு இறங்கலடா" என்றார் அக்கா. இரும்புச் சத்தத்தில் அது அவன் காதில் விழுந்ததோ இல்லையோ, இழுப்பதை விடவில்லை. இரண்டாவது மணி அடிக்கத் தொடங்கியது. உயரத்தில், கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த கிரேன்காரர் கீழே பார்த்தார். அவருக்கு எதுவும் கேட்காது. யாராவது இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகத் தூக்கினால்தான் நிறுத்துவார். அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அக்கா மகனின் பிடியிலிருந்து முழங்கையை ஒரே உதறலில் விடுவித்துக்கொண்டார். பதினெட்டாம் நம்பருக்கு முன்னால் போய், அவனைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகத் தூக்கினார். புடவைத் தலைப்பு நழுவியது. கொப்பரை நின்றது. சிரிப்பும் நின்றது. யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தான். அவன் போவதைப் பார்த்துக்கொண்டே, பதினெட்டாம் நம்பர் கடைசிப் பொத்தானைக் கழற்றி முடிக்கும்வரை, அக்கா கைகளை இறக்கவில்லை.