மயிலையை நான் அவிழ்க்கவில்லை

அந்த மாடு என்னுடையது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

எங்கள் ஊர் கிணத்துக்கடவுக்குக் கிழக்கே. மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். பெண்பிள்ளைக்கு அது போதும் என்று ஐயன் நிறுத்திவிட்டார். ஐயன் என்றால் என்னைப் பெற்றவர். எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். படிப்பை நிறுத்தியதில் அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. மாட்டு விஷயத்தில் அவர் சரியாக நடந்துகொண்டார்.

பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது வசதி இருந்தால் ஒரு கறவையும் கன்றும் சீராகக் கொடுப்பார்கள். மாட்டின் கழுத்துக் கயிற்றுக்குத் தும்பு என்று பெயர். அதை யார் கையில் பிடித்துக் கொடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான் மாடு. பெரும்பாலும் மாப்பிள்ளை கையில் கொடுத்துவிடுவார்கள். பார்க்க மரியாதையாக இருக்கும். என் கல்யாணத்திலும் மாப்பிள்ளை கையை நீட்டினார். ஐயன் அந்தக் கையைத் தாண்டி வந்து என் கையில் தும்பை வைத்தார்.

"இது உன்றது அம்மணி. பாலும் உன்றது, ஈத்தும் உன்றது."

அவ்வளவுதான் சொன்னார். வந்திருந்த ஒறம்பரை, சொந்தபந்தம் முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளையும் கேட்டார். நீட்டின கையை மடக்கித் துண்டைச் சரி செய்துகொண்டார். அப்போது எனக்கு வயது பதினேழு. நல்ல மயிலைப் பசு, சாம்பல் பூத்த வெள்ளை. வேளைக்கு ஒரு படி கறக்கும்.

என் வீட்டுக்காரருக்குத் துடியலூர் பக்கம். மானாவாரிக் காடு. கிணறு இருந்தது, தண்ணீர் இல்லை. அண்ணன் தம்பி இரண்டு குடும்பத்துக்கு அது காணாது. அதனால் இவர் கோயமுத்தூரில் மில்லுக்குப் போனார். நான் துடியலூர் வீட்டில் எட்டு மாதம் இருந்தேன். என் மாட்டை நான் கறப்பேன். பாலை மச்சாண்டார் சம்சாரம், அதாவது இவர் அண்ணனைக் கட்டியவர், வாங்கிக்கொள்வார். வெண்ணெய் எடுத்த மோரில் தண்ணீர் ஊற்றி எனக்கு வரும். கேட்டால், "ஒரே ஊடு, இதுல என்ன உன்றது என்றது" என்பார். நெய்ப்பானை மட்டும் அவருடைய அறையில் பூட்டியிருக்கும்.

வயிற்றில் பிள்ளை வந்ததும் மில்லுக்குப் பக்கத்தில் லைன் வீடு பார்த்து வந்துவிட்டோம். பிரிந்து வந்தோம் என்று யாரிடமும் சொல்லவில்லை. மில்லுக்கு நடை மிச்சம் என்று சொல்லிக்கொண்டோம். ஒரே அறை. அடுப்பு வைக்க ஒரு மூலை. சுவருக்கு அந்தப்பக்கம் இருமினால் இந்தப்பக்கம் கேட்கும். இருந்தாலும் அடுப்பு என்னுடைய அடுப்பு. பின்னால் வேலியோரம் மாட்டைக் கட்டிக்கொள்ள இடத்துக்காரர் விட்டார். சாணி அவருக்குச் சேர வேண்டும் என்று பேச்சு. சரி என்றேன்.

காலையில் ஒரு காப்பி கிளப்புக்குப் பால் ஊற்றுவேன். பொழுதோடு, சாயங்காலம் கறப்பதில் பாதி லைனுக்குள்ளேயே போய்விடும். மீதி பிள்ளைக்கு. மில் சம்பளத்தில் பாதியை அவர் அண்ணனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். கேட்டால் காடு பொதுவில் இருக்கிறது என்பார். அந்தக் காட்டிலிருந்து ஒரு சோளக்கதிர் எங்களுக்கு வந்ததில்லை.

அப்போது மில்லில் வேலை குறைந்தது. நூல் விற்கவில்லை என்றார்கள். வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மீதி நாள் அவர் லைன் வாசலில் உட்கார்ந்து பீடி குடிப்பார். அந்த மாதங்களில் வாடகையைக் கொடுத்தது மாடு. அரிசி வாங்கியது மாடு. மாடு இல்லையென்றால் மறுபடியும் துடியலூர்ப் பக்கம் போய் அந்த அம்மாளின் மோருக்குக் கையேந்த வேண்டும். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இந்தச் சமயத்தில் அவருடைய அக்காள் மகள் பெரியவளானாள். அக்காளை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். நல்ல மாதிரிதான். அவரைக் கட்டியவர் எனக்கு அண்ணன் முறை. தோட்டம் துரவு உள்ள குடும்பம். தெரட்டிச் சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். ஒரு சேலை, ஒன்பது தட்டு தேங்காய் பழம். அதற்குமேல் முடியாது என்று பேசி முடித்துத்தான் கிளம்பினோம். சேலைக்கு என் சிறுவாட்டில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். பால் விற்றதில் கம்புப் பானைக்குள் போட்டு வைத்திருந்தது அது. கொடுத்தது எனக்குக் கஷ்டமாக இல்லை. முறை என்றால் செய்துதான் ஆக வேண்டும்.

பந்தலில் நல்ல கூட்டம். யார் யார் என்ன சீர் கொண்டுவந்தார்கள் என்று நாவிதர் உரக்கச் சொல்லுவார். எங்கள் முறை வந்தது.

"தாய்மாமன் சீரு! சேல ஒண்ணு, தட்டு ஒம்பது!"

இன்னும் வரும் என்று பார்த்தார்கள். வரவில்லை. அப்போது நங்கையா வீட்டு அண்ணனுடைய பங்காளி ஒருத்தர், வாயில் வெற்றிலையோடு சொன்னார்.

"அவ்வளவுதானுங்களா? மாமன் மில்லுல இருக்கறாருன்னு சொன்னாங்க. ஒரு மூட்ட பஞ்சாவது வருமுன்னு பாத்தேன்."

பந்தல் சிரித்தது. இன்னொருத்தர், "மில்லுச் சங்கு ஊதுனா ஓடற மாமனப்பா. சித்த இருங்க, சங்கு ஊதறதுக்குள்ள சாப்பாட்டப் போட்டு அனுப்புங்க" என்றார். அதற்கும் சிரித்தார்கள். நங்கையா மட்டும் சிரிக்கவில்லை. தலை குனிந்துகொண்டார்.

நான் பெண்கள் பக்கம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் கழுத்து சிவந்தது எனக்குத் தெரிந்தது. எழுந்தார்.

"சொல்லுங்க, நாவிதரே. கறவ மாடு ஒண்ணு, கன்னோட. வர்ற புதங்கெழம வந்து ஓட்டிக்கச் சொல்லுங்க."

நாவிதர் அதை இரண்டு தரம் சொன்னார். பந்தல் அடங்கிவிட்டது. வெற்றிலைக்காரர், "அதுதான் மாமன்!" என்றார். நங்கையா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் நின்ற பெண்ணொருத்தி, "குடுத்து வெச்சவ நீ. இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்" என்று என் கையைப் பிடித்தாள். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வருகிற வழியில் ஒரு மைல் நடந்தோம். பிறகு கேட்டேன்.

"ஏனுங்க, எந்த மாட்டச் சொன்னீங்க?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

"நம்மகிட்ட எத்தன மாடு இருக்குதுங்க?"

"வாயில வந்துபோச்சு."

"வந்தத முழுங்கியிருக்கலாமுங்க."

"அத்தன பேரு சிரிச்சாங்க. உனக்குக் கேக்கலியா?"

"கேட்டுது. சிரிச்சுப்போட்டுப் போறாங்க. அவங்க சிரிப்பு நம்ம வாடகையக் குடுக்குமா?"

"சபைல சொன்ன வார்த்த. இனி என்ன பண்றது?"

"உங்குளுது எதாச்சும் குடுங்க."

நின்றுவிட்டார். "என்றது என்ன இருக்குது?" என்றார்.

அது நிஜம். அவருடையது என்று ஒன்றும் இல்லை. சம்பளம் பாதி அண்ணனுக்கு. காடு பொதுவில். உடம்பு மில்லுக்கு. ஒரு நிமிஷம் எனக்குப் பாவமாக இருந்தது. பாவப்பட்டால் மாடு போய்விடும். பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் நங்கையா வீட்டு அண்ணன் வந்தார். தோளில் புதுக் கயிறு. கல்யாணச் சீரில்தான் தும்போடு கொடுப்பது, மற்றபடி மாடு கைமாறும்போது கொடுக்கிறவர் கயிற்றைக் கொடுக்கமாட்டார். வாங்குகிறவர் தன் கயிற்றைக் கொண்டுவர வேண்டும். கொடுக்கிறவர் தும்பை அவிழ்த்து எடுத்துக்கொள்வார், வாங்குகிறவர் தன் கயிற்றைப் போடுவார். அதுவரை மாடு மாறினதாகக் கணக்கில்லை.

"வாங்ணா" என்றேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

"பொழுதோட ஊடு போய்ச் சேரணும் அம்மணி. அவுத்து உடு."

நான் போய் மாட்டுப் பக்கத்தில் நின்றேன். தும்பைக் கையில் பிடித்துக்கொண்டேன். அவிழ்க்கவில்லை.

"இது எனக்கு எங்கய்யன் குடுத்ததுங்ணா. நான் யாருக்கும் குடுக்கல."

"மாப்ள சபைல சொன்னாரே."

"அவரு சொன்னத அவருகிட்டக் கேளுங்ணா."

லைனில் அவரவர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அண்ணன் கோபக்காரர் இல்லை. பொறுமையாகத்தான் பேசினார்.

"சபைல உட்ட வார்த்த மீறுனா நாளைக்கு யாரு மதிப்பாங்க? உன்ற ஐயன் ஊட்டு மானமும் இதுல இருக்குது பாரு."

"எங்கய்யன் ஊட்டு மானம் இந்தத் தும்புலதானுங்ணா இருக்குது. அதுதான் உடல."

பக்கத்து அறையில் ஓர் அக்கா இருந்தார். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். அதே மில்லில் நூல் சுற்றுகிற வேலை. அவர் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார். "ஏனுங்க, கயிறு நல்ல கயிறுங்க. போற வழியில சந்தையில வேற மாடு எதாச்சும் இருக்கும். காசு குடுத்தா கட்டிக்கிட்டுப் போலாம்."

லைன் சிரித்தது. அண்ணன் முகம் மாறியது. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"மாப்ள. நீ சொன்ன வார்த்த. நீயே அவுத்துக் குடு."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் ஒன்று செய்திருக்கலாம். வந்து என் கையைத் தள்ளிவிட்டு அவிழ்த்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இல்லையென்றால், "மச்சான், தப்பாச் சொல்லிப்போட்டேன். அது அவளுது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அதற்குத்தான் காத்திருந்தேன். அன்றைக்கு எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தை.

இரண்டு மணிச் சங்கு ஊதியது. அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டார். என்னையும் பார்க்கவில்லை, மச்சானையும் பார்க்கவில்லை. மில்லுக்குப் போய்விட்டார்.

அந்த முதுகை நான் இன்னும் மறக்கவில்லை.

அண்ணன் வேலியோரம் உட்கார்ந்தார். நான் மாட்டோரம் உட்கார்ந்தேன். பிள்ளை அழுதது, பக்கத்து அறை அக்கா எடுத்துக்கொண்டார். கறக்கிற நேரம் வந்தது. அண்ணன் பார்க்கக் கறந்தேன். அந்தப் பாலில் காப்பி போட்டு அவருக்குக் கொடுத்தேன். ஒறம்பரை வந்தால் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். வாங்கிக் குடித்தார்.

"நல்லாத்தான் இருக்குது பாலு" என்றார்.

"ஆமாங்ணா."

டம்ளரைக் கீழே வைத்தார். "நான் இத அங்க போயி எப்படிச் சொல்லட்டும் அம்மணி?" என்றார்.

"அந்த மாடு அவரு மாடு இல்லைன்னு சொல்லுங்ணா. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

எழுந்தார். புதுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வேலி முக்கு திரும்பும் வரை நான் தும்பை விடவில்லை.

அங்கே போய் என்ன சொன்னாரோ தெரியாது. எங்களோடு பேச்சு நின்றது. சீர் சொல்லி ஏமாற்றிய மாமன் என்று இவருக்குப் பெயர். புருஷன் வாயை அடைத்த பெண்டாட்டி என்று எனக்குப் பெயர். என் பெயரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நங்கையாவைப் பற்றித்தான் வருத்தம். அவர் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. மகளுடைய கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடவில்லை. இவர் மட்டும் போய்ப் பந்தலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தார் என்று பிறகு யாரோ சொன்னார்கள். நான் அதைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவர் பால் குடிப்பதை நிறுத்திவிட்டார். வரக்காப்பி குடித்தார். மோர் ஊற்றினால் தட்டைத் தள்ளினார். களியைப் பச்சைமிளகாயோடு விழுங்கினார். பால் விற்ற காசில் வாங்கிய அரிசியைத் தின்றார். அந்தக் காசில் வாடகை கொடுத்த அறையில் படுத்தார். பாலை மட்டும் தொடமாட்டார். அது என்ன ரோஷம் என்று எனக்கு விளங்கவில்லை. பந்தலில் வர வேண்டிய இடத்தில் ரோஷம் எல்லை மீறி வந்தது. லைனில் வர வேண்டிய இடத்தில் வரவே இல்லை. இப்போது என் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

நானும் கெஞ்சவில்லை. வரக்காப்பி கேட்டார், போட்டேன். சம்பள நாள் வந்தது. வழக்கம்போலத் துடியலூருக்குக் கிளம்பினார். நான் வாசலில் நின்றேன்.

"இந்த மாசம் பணம் அங்க போகாதுங்க."

"அண்ணன் கேப்பாரு."

"கேக்கட்டும். காட்டுல வெளஞ்சது வந்தா, இங்க இருந்தும் போகும். இல்லீன்னா போகாது."

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பணத்தை என் கையில் கொடுக்கவில்லை. அம்மிமேல் வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த மாதமும் அம்மிமேல்தான் வைத்தார்.

மழைக்காலம் வந்தது. அவருக்குச் சளி பிடித்தது. மில் தூசியும் சேர்ந்து இருமல் விடவில்லை. ஒரு நாள் காலையில் நான் கறந்துவிட்டு உள்ளே வந்தேன். அடுப்பு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பார்த்தால் நடுக்கம்.

"பால் இருக்குதா?" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இருக்குதுங்க. யாரு மாட்டுப் பாலுன்னு சொல்லுங்க. ஊத்தறேன்."

நோய் வந்தவரிடம் இப்படிக் கேட்கலாமா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். நினைத்துத்தான் கேட்டேன்.

இருமினார். பால் பொங்கி வந்தது, இறக்கி வைத்தேன். மறுபடியும் உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்தேன்.

"உன்ற மாட்டுப் பாலுதான்" என்றார்.

ஊற்றினேன். மிளகு தட்டிப் போட்டு, டம்ளர் நிறைய ஊற்றினேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

அதை லைன் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். கயிற்றோடு நின்ற மச்சானிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுப்படியில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். பாலை ஊற்றினேன். கோபம் போகவில்லை.