மையடித்த மூன்று வரிகள்

சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டே, கூப்பிடும்போது பட்டாளத்துக்குப் போகும் டெரிடோரியல் ஆர்மியில் ஆபீசராகச் சேர யோசனை கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் துப்பாக்கியைப் பற்றியே கேட்கிறார்கள். என்னை இன்னும் அறுத்துக்கொண்டிருப்பது ஒரு பேனா.

1. மலையில் கொடுத்த வேலை

எண்ணூரில் ஒரு ஃபவுண்டரியில் ஷிப்ட் என்ஜினியராக இருந்தேன். எல்லையில் சண்டை வந்ததும் எங்கள் பட்டாலியனைக் கூப்பிட்டார்கள். போன முதல் நாளே, தமிழ் படிக்கத் தெரிந்த ஆபீசர் நான் ஒருவன்தான் என்று ஜவான்களின் கடிதங்களைச் சென்சார் செய்யும் வேலையை என் தலையில் கட்டினார் கம்பெனி கமாண்டர். இடத்தின் பெயர் எழுதியிருந்தால் கறுப்பு மையால் அடிக்க வேண்டும். அடுத்தவன் வீட்டுக் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிற கேவலமான வேலை.

ஹவில்தார் அந்தோணி ராயபுரத்துக்காரர். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிவிட்டு எங்களோடு வந்தவர். இன்லேண்ட் கடிதத்தை நீட்டும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா சார், எம் பொண்டாட்டிக்கு எழ்தறத அவளுக்கு முன்னாடி நீங்க படிப்பீங்களா? பேஜாரா கீது சார்."

"ஊர் பேரு மட்டும்தான்யா தேடுவேன். மத்தத படிக்கமாட்டேன். சத்தியம்."

"எப்டி சார்? கண்ண மூடிகினா?"

பங்கரே சிரித்தது.

அன்று குளிரில் விரல் மரத்திருந்தது. அவர் கடிதத்தில் மலையின் பெயர் கண்ணில் பட்டது. அந்த ஒரு சொல்லை அடித்திருந்தால் போதும். அவசரத்தில் அதைச் சுற்றியிருந்த மூன்று வரியையும் சேர்த்து அடித்துவிட்டேன். வாக்குப்படி எதையும் படிக்கவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

நான்காம் நாள் ஷெல் விழுந்து அந்தோணி இறந்தார். அடக்கம் முடிந்த பிறகுதான் கடிதம் ராயபுரம் போய்ச் சேர்ந்தது.

2. ஃபவுண்டரி கேட்டில்

சண்டை முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம், அவர் மனைவி ஸ்டெல்லா அந்தக் கடிதத்தோடு கேட்டில் வந்து நின்றார்.

"இத அடிச்சது நீங்கதானாமே சார்?"

"ஆமாம்மா."

"மேல எங்க நைனாக்கு ஒடம்பு எப்டி கீதுன்னு கேட்டுகீறாரு. கீழ பேரு போட்டுகீறாரு. எனக்குன்னு எழ்தனது இந்த நடுவுலதான் சார் இருக்கும். இன்னா எழ்தியிருந்தாரு?"

கடிதத்தை வெயிலில் தூக்கிப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. உன் நினைப்பாகவே இருக்கிறது என்று எழுதியிருந்தார் எனச் சொல்ல வாய்வரை வந்தது. செத்தவர் பெயரில் நான் எழுதக் கூடாது என்று விழுங்கிவிட்டேன்.

"நான் படிக்கலம்மா. படிக்கமாட்டேன்னு அவருக்கு வாக்கு கொடுத்திருந்தேன்."

கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டார்.

"படிச்சிருக்கலாமே சார்" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். துறைமுகத்துப் பக்கம் போனால் இன்றும் அந்த மூன்று வரிகளைத்தான் மனம் தேடுகிறது. என் மெடல்களை எல்லாம் எடுத்துக்கொண்டு அந்த வரிகளைத் திருப்பிக் கொடுப்பார்கள் என்றால் இன்றே கொடுத்துவிடுவேன்.

சேருகிறவர்கள் சேருங்கள். இந்த வேலை உங்களுக்கு வந்தால் ஒரு சொல்லை மட்டும் அடியுங்கள். அடிக்கும் முன் முழுக் கடிதத்தையும் படியுங்கள். கேவலமாகத்தான் இருக்கும். படியுங்கள்.