மகள் சுட்ட முதல் புறா

மனைவி இறந்து இரண்டாம் வருடம், எனக்கும் மகளுக்கும் இடையில் பேச்சு ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. ஊரைவிட்டு வந்து குடியேறிய சட்டனில், எங்கள் வீட்டில் அவள் மாடியில் இருந்தாள், நான் கீழே. அவளுக்குப் பதினாறு வயது. அப்போது சரே பக்கத்துப் பண்ணையொன்றில் நான் மின்கம்பி மாற்றிக்கொண்டிருந்தேன். காட்டுப்புறாக்கள் பயிரை அழிக்கின்றன, துவக்குப் பழகினால் வந்து சுடலாம் என்று பண்ணைக்காரர் சொன்னார். சாப்பிடும்போது அதைச் சும்மா சொல்லிவைத்தேன். மகள் தலையை நிமிர்த்தி, தானும் வரலாமா என்றாள். பல மாதங்களில் அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

இருவரும் சேர்ந்தே பழகினோம். ஒரு குளிர்காலம் முழுக்கப் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுட்டோம். அனுமதிப்பத்திரத்துக்காகப் பொலிஸ் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து துவக்குப் பெட்டியின் பூட்டைப் பார்த்தார். வாசலில் சீருடையைக் கண்டதும், ஊரில் பழகிய பயத்தில் நான் சமையலறைக்குள் போய்விட்டேன். மகள்தான் பதில் சொன்னாள். பயிற்சி தந்தவர் சொன்ன ஒன்றை அவள் பிடித்துக்கொண்டாள்: சுட்டால் சாப்பிட வேண்டும்.

முதல் வேட்டை ஆகஸ்ட் கடைசியில், அறுவடை முடிந்த வயலில். முந்தின நாள், அம்மாவின் திவசம் இந்தக் கிழமை இல்லையா என்று கேட்டாள். அடுத்த மாதம் என்றேன். மனைவி இறந்தது செப்டெம்பரில். திவசம் திதியைப் பார்த்துச் செய்வது, அது வருடத்துக்கு வருடம் முன்பின்னாக வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. நாட்காட்டியைப் பார்க்கவில்லை. நோர்பரியிலிருந்து அக்கா எடுத்த அழைப்புக்கும் பதில் சொல்லவில்லை. வேட்டைக்குப் போகும் ஆசை அவளைவிட எனக்குத்தான் கூட.

புறாக்களுக்குத் தெரியாமல் வேலியோரம் மறைப்பு வலை கட்டி அதற்குள் உட்கார்ந்திருந்தோம். என் ஏழு வெடிகளும் குறி பிழைத்தன.

"அப்பா சுடேக்க புறாவுக்கெல்லாம் இங்க இருக்க விசா கிடைக்குது," என்றாள்.

சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு பள்ளிக்கூடத்தைப் பற்றி, தாயின் கடைசி நாட்களைப் பற்றி, என்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் வயலைப் பார்த்தபடியே சொன்னாள். மதியத்துக்குச் சற்று முன் ஒரு புறாவை விழுத்தினாள். அதைக் கையில் ஏந்தி, இன்னும் சூடாக இருக்கிறது என்றாள். கறி வைக்கத் தானே உரிப்பதாகச் சொன்னாள்.

திரும்பி வரும் வழியில் அக்கா அழைத்தார். காரின் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது.

"தம்பி, எங்க நிக்கிறாய்? திவசத்துக்குப் படைக்கச் சமைச்சுக்கொண்டு வந்து உன்ர வாசல்ல நிக்கிறன்."

மச்சமாமிசம் தொடக்கூடாத நாளில் உயிரைக் கொன்று காரில் வைத்திருக்கிறோம். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.

"இவள்தான் அக்கா, வேட்டைக்குப் போகவேணும் எண்டு ஒற்றைக்காலில நிண்டவள்," என்றேன்.

மகள் பக்கத்தில் இருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி, புறாவைக் குப்பைத்தொட்டியில் போடச் சொன்னேன்.

"சுட்டா சாப்பிடவேணும் எண்டவர், அப்பா."

"இண்டைக்கு ஏலாது."

அதைக் காகிதத்தில் சுற்றிப் போட்டுவிட்டு வந்தாள். வீட்டு வாசலில், நான் வாயைத் திறக்க முன்னமே, "ஸொறி மாமி, என்ர பிழை," என்றாள். அக்கா அவளுடைய தலையைத் தடவி, சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும் என்றார். நான் சப்பாத்தைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அதன்பின் அவள் வயலுக்கு வரவில்லை. கூப்பிட்டால் படிக்க இருக்கிறது என்பாள். தனியாக இரண்டு தடவை போனேன். பிறகு துவக்குகளை விற்றுவிட்டேன்.

இப்போது அவள் ஸ்கொட்லாந்தில் வேலை செய்கிறாள். திவசத்துக்கு இரண்டு கிழமை முன்பு, திதி வரும் நாளை அவளே பார்த்து எனக்கு அனுப்புவாள். திகதியை மட்டும்தான், வேறொன்றும் எழுதமாட்டாள். அன்று பிழை என்னுடையது என்று ஒவ்வொரு முறையும் எழுதத் தொடங்குகிறேன். அழித்துவிட்டு, "ஓம் பிள்ளை" என்று மட்டும் அனுப்புகிறேன்.